ஓவன் இல்லாத வீட்டில் கேக்

இட்லியை எவ்வளவு நேரம் ஆவியில் வைத்தாலும் அது சிவக்காது. நேரம் கூடினால் நீர் கோத்துக்கொள்ளுமே தவிர நிறம் மாறாது. காரணம் தண்ணீர்தான். கொதிக்கும் தண்ணீரின் ஆவி 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. வெயிட் போட்ட குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் 120 டிகிரி வரை போகும், அதற்கு மேல் போகாது. மாவிலுள்ள புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பொன்னிறமாக வேண்டுமென்றால், பேக்கரியைக் கடந்து போகிறவரை நிற்கவைக்கும் அந்த வாசனை வர வேண்டுமென்றால், மாவின் மேல்பகுதி ஏறக்குறைய 140 டிகிரியைத் தொட வேண்டும். ஆவியில் அது நடக்காது. அதற்கு 160 முதல் 180 டிகிரி வரை சூடான காற்று நாலாபுறமும் சூழ்ந்து நிற்க வேண்டும். ஓவன் செய்வது இவ்வளவுதான். அடி கனமான ஒரு பாத்திரமும், நன்றாகப் பொருந்தும் மூடியும், கேஸ் அடுப்பும் இருந்தால் நம் சமையலறையிலும் இது நடக்கும்.

ஆனாலும் பல வீடுகளில் கேக் ஆசை ‘ஓவன் வாங்கின பிறகு பார்த்துக்கலாம்’ என்பதோடு நின்றுபோகிறது. அப்படி நின்றுபோக வேண்டியதில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சமையலறை வேலைகளில் பிள்ளைகள் முதலிலிருந்து கூடவே இருந்து செய்யக்கூடியது இது. தாளிக்கும்போது எண்ணெய் தெறிக்கும், வடை சுடும்போது அடுப்பருகே வரவிட முடியாது. கேக்கில் மாவு சலிப்பது, அளப்பது, கலக்குவது, டின்னுக்குள் போட பேப்பரை வட்டமாக வெட்டுவது எல்லாமே கூடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலைகள். பெரியவர்கள் செய்ய வேண்டியது அடுப்பில் ஏற்றுவதும் இறக்குவதும் மட்டும்தான்.

முதலில் பாத்திரம். பெரும்பாலானவர்கள் பழைய 5 லிட்டர் குக்கரைத்தான் எடுக்கிறார்கள். எடுக்கலாம், ஆனால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். தண்ணீர் இல்லாத சூட்டில் கேஸ்கட் ரப்பர் இறுகிக் கெட்டுவிடும். வெயிட் இருந்தால் மாவிலிருந்து கிளம்பும் ஆவி வெளியேற வழியிருக்காது. பலரும் கவனிக்காத இன்னொன்று மூடியில் இருக்கிறது. அதுதான் சேஃப்டி வால்வு. பல குக்கர்களில் அதற்குள் சூடு அளவு மீறினால் உருகி வழிவிடும் உலோகம் வைத்திருப்பார்கள். தண்ணீர் வற்றிப்போன குக்கர் வெடித்துவிடாமல் காப்பாற்றுவது அதுதான். வெறும் குக்கரை முக்கால் மணி நேரம் அடுப்பில் வைத்தால் அந்த வால்வு கெட்டுப்போக வாய்ப்புண்டு. எனவே கேக் சுட்ட மூடியை மறுபடி பருப்பு வேகவைக்க எடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், குக்கர் மூடியே வேண்டாம். பழைய குக்கரின் அடிப்பாகத்தின் மேல் கனமான தட்டு ஒன்றைக் கவிழ்த்தாலே போதும். பிரியாணிக்கு வைத்திருக்கும் தேக்சா இருந்தால் இன்னும் நல்லது, அதன் அடியும் கனம், மூடியும் கனம். நான்-ஸ்டிக் பாத்திரத்தை மட்டும் இதற்குத் தொடவே கூடாது. 260 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். காலிப் பாத்திரத்தின் அடி அந்தச் சூட்டைச் சீக்கிரமே எட்டிவிடும்.

அடுத்தது உப்பு. பாத்திரத்தின் அடியில் ஓர் அங்குல உயரத்துக்குக் கல் உப்பையோ, கழுவிக் காயவைத்த ஆற்று மணலையோ பரப்புவார்கள். கேஸ் அடுப்பின் தீ வட்டமாக எரிவதால் பாத்திரத்தின் அடியில் ஒரு வளையம் மட்டும் பழுத்துப்போகும், நடுவில் அவ்வளவு சூடு இருக்காது. உப்பும் மணலும் அந்தச் சூட்டை வாங்கிப் பரப்பிக் கொடுக்கும், தீ சற்றுக் கூடிக் குறைந்தாலும் உள்ளே ஒரே சீராக வைத்திருக்கும். பொரி பொரிப்பவர்களும் கடலை வறுப்பவர்களும் காலகாலமாக மணலைப் பயன்படுத்துவது இதற்காகத்தான். உப்பு 800 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் அடுப்பில் அதற்கு ஒன்றும் ஆகாது. ஈரமான கல் உப்பு மட்டும் சூடேறும்போது படபடவென்று வெடிக்கும். அதனால் முதல் முறை வெறும் உப்பை மட்டும் போட்டு, மூடிவைத்துச் சத்தம் அடங்கும்வரை காயவைத்துவிடுங்கள். அந்த உப்பை ஆறவைத்து டப்பாவில் போட்டு, அடுத்தடுத்த கேக்குக்கும் எடுக்கலாம்.

உப்பின் மேல் ஒரு இரும்புப் பிரிமனையோ குட்டை ஸ்டாண்டோ வைத்து, அதன் மேல்தான் கேக் டின்னை வைக்க வேண்டும். டின் நேராக உப்பில் உட்கார்ந்தால் அடி கருகும். டின்னுக்கும் பாத்திரத்தின் சுவருக்கும் நடுவே சுற்றிலும் ஓர் அங்குலமாவது இடைவெளி வேண்டும். சூடான காற்று சுழன்று மேலே போக அந்த வழிதான் உண்டு. 5 லிட்டர் குக்கருக்கு 6 அங்குல டின் பொருத்தமாக இருக்கும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. சூடு கீழிருந்தே வருவதால் கேக்கின் அடியும் பக்கங்களும் நன்றாகச் சிவக்கும், மேல்பகுதி வெளிறியே இருக்கும். விறகடுப்புக் காலத்தில் இதற்கு வழி வைத்திருந்தார்கள். தம் பிரியாணிக்குச் செய்வதுபோலவே மூடியின் மேல் தணலை அள்ளிப் போட்டார்கள், மேலும் கீழும் சூடு கிடைத்தது. கேஸ் அடுப்பில் அதற்கு இடமில்லை. கேக்கைக் கவிழ்த்து, சிவந்த அடிப்பக்கத்தை மேலாக வைத்துப் பரிமாறினால் சரியாகிவிடும். இன்னொன்றும் உண்டு. மூடிய பாத்திரத்துக்குள் மாவின் ஈரம் ஓரளவு தங்கிவிடுவதால், மெத்தென்ற கேக்குக்கு இந்த முறை நன்றாகவே ஒத்துவரும், மொறுமொறுப்பான பண்டங்களுக்கு அவ்வளவாக ஒத்துவராது. தூத்துக்குடி மக்ரூனை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, முந்திரித் தூள் சேர்த்து, மிதமான சூட்டில் மெல்ல உலரவைத்துச் செய்வது அது. ஈரம் தங்கும் பாத்திரத்தில் அதைச் செய்தால் பிசுபிசுத்துப் போகும். அதைத் தூத்துக்குடி பேக்கரிகளிலேயே வாங்கிக்கொள்வோம்.

இனி மாவு பொங்கும் விஷயம். கேக் எழும்பாமல் போனதற்கு வீடுகளில் சொல்லப்படும் காரணங்களில் பாதி, ஆப்ப சோடாவையும் பேக்கிங் பவுடரையும் ஒன்றாக நினைப்பதில் வருகிறது. ஆப்ப சோடா ஒரே பொருள், சோடியம் பைகார்பனேட். புளிப்பு எதையாவது தொட்டதும் கரியமில வாயுவை விடும். தயிர், மோர், எலுமிச்சைச் சாறு, வினிகர் எது வேண்டுமானாலும் அந்தப் புளிப்பாக இருக்கலாம். புளிப்பே இல்லாத மாவில் சோடாவைப் போட்டால் சூட்டில் கொஞ்சம் வாயு வரும்தான், ஆனால் மிச்சமிருக்கும் காரம் நாக்கில் சவுக்காரம்போல் தட்டும், கேக் பழுப்பு நிறமாகும். பேக்கிங் பவுடர் என்பது அதே சோடாவோடு புளிப்புள்ள உப்பு ஒன்றையும், இரண்டும் முன்கூட்டியே சேர்ந்துவிடாமல் காக்கச் சோள மாவையும் கலந்து வைத்தது. ஈரம் பட்டதும் அது வேலையைத் தொடங்கிவிடும். கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலானவை ஈரத்தில் ஒரு முறையும் சூட்டில் ஒரு முறையும் பொங்கும் வகை.

ஒரே அளவு எடுத்தால் சோடாவின் வேகம் பவுடரைவிட மூன்று நான்கு மடங்கு அதிகம். அதனால் ஒன்று தீர்ந்துவிட்டது என்று இன்னொன்றை அதே ஸ்பூனால் அள்ளிப் போடக் கூடாது. ஒரு கப் மாவுக்குப் பொதுவான கணக்கு, பேக்கிங் பவுடர் என்றால் 1 டீஸ்பூன், சோடா என்றால் கால் டீஸ்பூன். டப்பாவில் நாள்பட்டுக் கிடந்ததைச் சோதிக்கவும் எளிய வழி உண்டு. பவுடரில் ஒரு சிட்டிகையைச் சுடுதண்ணீரிலும், சோடாவில் ஒரு சிட்டிகையை எலுமிச்சைச் சாற்றிலும் போட்டுப் பாருங்கள். சட்டென்று நுரைத்தால் நல்லது. சோம்பலாக இரண்டு குமிழி விட்டால் தூக்கிப் போடுங்கள். இந்தச் சோதனையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் அமிலம், காரம் என்று படிப்பது இதைத்தான் என்று அவர்களே வந்து சொல்வார்கள்.

மாவைப் பிசையப் பிசைய அதிலுள்ள புரதம் ரப்பர்போல இழைந்து வரும். அதற்குப் பெயர் குளூட்டன். பரோட்டா மாஸ்டர் மாவை அடித்து வீசுவது இந்த இழைக்காகத்தான். கேக்குக்கு இது எதிரி. மைதாவைச் சேர்த்த பிறகு மாவுக் கட்டி கண்ணில் படாத அளவுக்குக் கலக்கினால் போதும், அதோடு கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். நன்றாக வர வேண்டும் என்ற ஆசையில் மேலும் பத்து நிமிடம் அடிப்பவர்களின் கேக்தான் இழுவையாக வரும். மைதாவின் இழையைக் குறைக்க ஒரு வழியும் உண்டு. ஒரு கப் மைதாவில் 2 டேபிள்ஸ்பூன் எடுத்துவிட்டு, அதே அளவு சோள மாவைப் போட்டு மூன்று முறை சலிக்கலாம். கோதுமை மாவிலும் கேக் வரும், தவிடு இருப்பதால் கொஞ்சம் கனமாக இருக்கும், தண்ணீரோ பாலோ கூடுதலாகக் கேட்கும். கேழ்வரகில் குளூட்டன் கிடையாது. அது மட்டும் என்றால் கேக் உதிர்ந்துபோகும். பாதிக்குப் பாதி கோதுமை மாவு சேர்த்தால் நிற்கும்.

கொழுப்பு விஷயத்தில் நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆங்கிலேய முறை கேக்கில் வெண்ணெயையும் சர்க்கரையையும் நெடுநேரம் சேர்த்து அடிப்பார்கள். சர்க்கரைத் துகளின் கூர்முனைகள் வெண்ணெய்க்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றுக்குமிழிகளை உண்டாக்கும். சோடா புதிதாகக் குமிழி உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருக்கும் குமிழிகளைத்தான் ஊதிப் பெரிதாக்குகிறது. ஆனால் வெண்ணெய் 20 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் அந்தக் குமிழிகளைப் பிடித்துவைக்கும். சித்திரை மாதச் சமையலறையில் அது நெய்யாக ஓடிவிடும். அதனால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, விரலால் அழுத்தினால் குழி விழும் பதம் வந்த உடனே அடிக்கத் தொடங்க வேண்டும். இந்த அவஸ்தை வேண்டாம் என்பவர்கள் எண்ணெயிலேயே செய்யலாம். சூரியகாந்தி எண்ணெய் ஃப்ரிட்ஜின் குளிரில் உறையாது என்பதால், அங்கே வைத்தாலும் அதில் செய்த கேக் மெத்தென்றே இருக்கும். நம் வீடுகளுக்கு எண்ணெயும் தயிரும்தான் சரி என்பது என் கருத்து. வாசனையில்லாத சூரியகாந்தி எண்ணெய் போதும்.

சர்க்கரையைப் பற்றி ஒன்று. இனிப்பு கூடுதல் என்று பாதியாகக் குறைத்தால் கேக் வறண்டுபோகும். சர்க்கரை ஈரத்தைப் பிடித்துவைக்கிறது, மாவு அவசரமாக இறுகாமலும் பார்த்துக்கொள்கிறது. கால் பங்கு குறைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது முட்டை சேர்க்காத ஒரு கேக். மைதா ஒன்றரை கப், சர்க்கரை முக்கால் கப், புளித்த கெட்டித் தயிர் 1 கப், எண்ணெய் அரை கப், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், ஆப்ப சோடா அரை டீஸ்பூன், வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. கப் என்பது 240 மில்லி. வீட்டு டம்ளரில் அளந்தாலும் தப்பில்லை, கடைசிவரை அதே டம்ளராக இருக்க வேண்டும், டீஸ்பூன் அளவுகளையும் டம்ளருக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும். மைதாவையும் உப்பையும் மூன்று முறை சலித்து வையுங்கள். தயிரில் சர்க்கரையைப் போட்டுக் கரையும்வரை அடித்து, பேக்கிங் பவுடரையும் சோடாவையும் தூவிக் கலந்து ஐந்து நிமிடம் விடுங்கள். தயிர் நுரைத்து மேலே வரும். அதில் எண்ணெய், எசென்ஸ் சேர்த்து, மைதாவை மூன்று தவணையாகப் போட்டு மெல்லக் கலக்குங்கள். இந்த மாவைக் காத்திருக்க வைக்கக் கூடாது. வாயு போய்க்கொண்டே இருக்கும். எனவே தயிரில் சோடா போடுவதற்கு முன்பே, உப்புப் பரப்பிய பாத்திரம் மூடியோடு மிதமான தீயில் பத்து நிமிடமாகச் சூடாகிக்கொண்டிருக்க வேண்டும், டின்னில் எண்ணெய் தடவிப் பேப்பர் போட்டிருக்க வேண்டும்.

டின்னில் முக்கால் பாகத்துக்கு மேல் மாவு ஊற்றாதீர்கள். உள்ளே வைத்து மூடியதும் தீயைச் சிம்முக்குக் கொண்டுவந்துவிடுங்கள். முதல் 25 நிமிடம் மூடியைத் திறக்கவே கூடாது. பிள்ளைகளைத் தடுப்பதுதான் இதில் கடினமான வேலை. அந்த நேரத்தில் குமிழிகள் ஊதிக்கொண்டிருக்கும், சுற்றியுள்ள மாவு இன்னும் இறுகியிருக்காது. திறந்ததும் குளிர்ந்த காற்று புகுந்தால் குமிழிகள் சுருங்கி நடுப்பகுதி பள்ளமாகிவிடும். 35 நிமிடத்துக்குப் பிறகு சுத்தமான ஈர்க்குச்சி ஒன்றை நடுவில் குத்தி எடுங்கள். ஈர மாவு ஒட்டினால் இன்னும் ஐந்து நிமிடம். ஓரிரு காய்ந்த துணுக்குகள் மட்டும் ஒட்டினால் வெந்துவிட்டது. விரலால் லேசாகத் தொட்டால் மேல்பகுதி அமுங்கி மீண்டும் எழும்.

பள்ளம் விழாமல், மேலே மலைபோல் எழும்பி வெடித்திருந்தால் தீ அதிகம் என்று பொருள். ஓரம் முதலில் இறுகிவிட, நடுவிலுள்ள மாவு வேறு வழியில்லாமல் மேலே பிளந்துகொண்டு வந்திருக்கிறது. அடுத்த முறை அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு பழைய தோசைக்கல்லை வைத்துப் பாருங்கள்.

இருப்பதை வைத்துச் சமாளிப்பது கேக்குக்குப் புதிதல்ல. தலைச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரர் 1883ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்காக, மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி கேட்டபடி பிளம் கேக் செய்து கொடுத்தார் என்பது அந்தக் குடும்பம் சொல்லிவரும் வரலாறு. இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று அதைக் கொண்டாடுகிறார்கள். பிராந்தி சேர்க்கச் சொன்னதற்குப் பதிலாக, முந்திரிப் பழத்திலும் கதலி வாழைப்பழத்திலும் வடித்த உள்ளூர்ச் சரக்கை அவர் சேர்த்தாராம்.

நம் தோட்டத்திலிருந்தும் கேக்குக்கு ஒன்று வரும். கேக்கில் சிவப்பும் பச்சையுமாகக் கிடக்கும் டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக் காய்தான். கொல்லையில் பப்பாளி மரம் இருப்பவர்கள் அதைக் கடையில் வாங்க வேண்டியதே இல்லை. நல்ல பச்சைக் காயாகப் பறித்து, பால் வடியவிட்டு, தோலையும் விதையையும் உட்புற வெள்ளைத் தோலையும் நீக்கி, சின்னச் சின்னச் சதுரமாக நறுக்குங்கள். கொதிக்கும் தண்ணீரில் ஐந்தாறு நிமிடம் வேகவைத்து, பாதி கண்ணாடிப் பதம் வந்ததும் வடித்துவிடுங்கள். இந்தப் படியைத் தாண்டிவிடக் கூடாது. பச்சையாகவே பாகில் போட்டால் பாகு காயிலிருந்து தண்ணீரை வேகமாக இழுத்துவிடும், துண்டுகள் சுருங்கித் தோல்போல் ஆகிவிடும். வேகவைத்த துண்டுக்குள் சர்க்கரை எளிதாக இறங்கும்.

2 கப் துண்டுக்கு ஒன்றரை கப் சர்க்கரை, முக்கால் கப் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டு, துண்டுகளைப் போட்டு, பாகு ஒரு கம்பிப் பதம் வரும்வரை மிதமான தீயில் வையுங்கள். துண்டுகள் அப்போது முழுக்கக் கண்ணாடியாகியிருக்கும். இறக்கிக் கிண்ணங்களில் பிரித்து, ஒன்றில் பீட்ரூட் சாற்றையும் இன்னொன்றில் ஒரு சிட்டிகை மஞ்சளையும் கலந்து ஒரு நாள் முழுக்க ஊறவிட வேண்டும். சாயப் பொடியின் பளீர் நிறம் வராது, ஆனால் குழந்தை வாயில் போடுவதற்கு எனக்கு இதுதான் பிடிக்கும். மறுநாள் வடித்து, தட்டில் பரப்பி, ஃபேன் காற்றில் ஒன்றிரண்டு நாள் உலர்த்தி, ஒட்டாத பதம் வந்ததும் பாட்டிலில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம். சர்க்கரை நிறைந்து ஈரம் குறைந்த இடத்தில் பூஞ்சை எளிதில் வராது. கேக்கில் சேர்க்கும்போது ஒரு ஸ்பூன் மைதாவில் புரட்டிப் போடுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அடுப்பிலிருந்து இறக்கிய கேக்கைப் பத்து நிமிடம் டின்னிலேயே விட்டு, பிறகு கவிழ்த்து, அடியிலும் காற்றுப் படும்படி கம்பித் தட்டில் ஆறவிடுங்கள். சூட்டோடு வெட்டினால் உள்ளே இருக்கும் ஆவி கத்தியோடு இழுபட்டு, மாவு வேகாததுபோல் பிசைந்துபோகும். குறைந்தது ஒரு மணி நேரமாவது ஆற வேண்டும். ஈரக்காற்றுள்ள கடலோர ஊர்களில் வெளியே வைத்தால் இரண்டு நாள் தாங்கும், பிறகு ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். எறும்பு வரும் வீடென்றால் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்துக்கு நடுவே டப்பாவை வையுங்கள்.